ஆறு பேர் கொண்ட அணி: பேடன் பவல் விட்டுச் சென்ற விளையாட்டு

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 22ஆம் தேதி உலகெங்கும் உள்ள சாரணர்கள் தங்கள் நிறுவனரின் பிறந்தநாளை நினைவுகூருகின்றனர். நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளிலும் சாரணர் சீருடை அணிந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். கழுத்துக்குட்டை கட்டுவது, முடிச்சுப் போடுவது, மூன்று விரல் உயர்த்தி வணக்கம் சொல்வது இவையெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இவற்றைத் தொடங்கி வைத்த ராபர்ட் பேடன் பவல் என்ற மனிதரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது குறைவுதான்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிரம்பான், போர்ட்டிக்சன், ரெம்பாவ், தம்பின், பகாவ், ஜெலபு என எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய ஒரு பள்ளியைக் காணலாம். அவற்றில் பல சிறிய பள்ளிகள். ஒரு வகுப்பில் ஐந்து, ஆறு பேர் மட்டுமே படிக்கும் பள்ளிகளும் உண்டு. இப்படிப்பட்ட பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மற்றவர்களோடு சேர்ந்து செயல்படும் பழக்கம் எப்படி வரும் என்ற கவலை பெற்றோருக்கு இருக்கிறது. ஒரு காற்பந்துக் குழுவுக்கே ஆள் சேராத இடத்தில் கூட்டுணர்வை எங்கே கற்றுக்கொள்வது என்று அவர்கள் கேட்பது நியாயமானதே.

பேடன் பவலின் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. கூட்டாகச் செயல்படப் பிள்ளைகளுக்குப் பெரிய கூட்டம் தேவையில்லை என்பதே அவர் கண்டறிந்தது. ஆறு முதல் எட்டுப் பேர், அவர்களுக்குள்ளேயே ஒரு தலைவர், செய்து முடிக்க உண்மையான ஒரு வேலை. இவ்வளவு இருந்தால் போதும் என்று அவர் நம்பினார். அந்த முடிவுக்கு வர அவருக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

படகில் கற்ற பாடம்

1857 பிப்ரவரி 22ஆம் தேதி லண்டன் மாநகரின் பேடிங்டன் பகுதியில் அவர் பிறந்தார். தந்தையின் பெயரும் பேடன் பவல்தான். அவர் சமயகுருவாகவும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவியல் பேராசிரியராகவும் இருந்தவர். ராபர்ட்டுக்கு மூன்று வயதானபோது, 1860ஆம் ஆண்டில் தந்தை காலமானார். அதன் பிறகு தாயார் ஹென்ரியட்டா கிரேஸ் தனியொருவராக நின்று பெரிய குடும்பத்தைக் கரைசேர்த்தார்.

வீட்டில் ஆண்பிள்ளைகள் பலர். மூத்தவர் வாரிங்டன் கடலில் ஈடுபாடு கொண்டவர். விடுமுறை வந்தால் அண்ணன் தம்பிகள் சேர்ந்து படகில் கிளம்பிவிடுவார்கள். பாய்மரம் இழுப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, இரவில் கண்விழித்துக் காவல் இருப்பது எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொண்டார்கள். தலைமை மூத்த அண்ணனுடையது. இளையவர்களில் ஒருவரான ராபர்ட்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் எடுபிடி வேலை. சிறு படகில் ஒருவன் தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் எல்லாருமே நனைய வேண்டியதுதான். அந்த அறிவு அவருக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை.

1870இல் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் உதவிச்சம்பளத்துடன் சேர்ந்தார். இரண்டாண்டுகளில் அந்தப் பள்ளி லண்டனிலிருந்து கொடால்மிங் என்ற ஊருக்கு மாறியது. புதிய பள்ளியை ஒட்டி ஒரு காடு இருந்தது. மாணவர்கள் அங்கே போகக்கூடாது என்பது விதி. அவர் போனார். முயலைப் பிடித்து, ஆசிரியர்கள் கண்ணில் புகை படாதபடி சிறு தீ மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டார். விலங்குகளின் கால்தடத்தைப் படிக்கவும் சத்தமின்றி நடக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பள்ளியின் காற்பந்துக் குழுவில் கோல்காவலராக ஆடினார். நாடகங்களில் நகைச்சுவை வேடம் போட்டார்.

படிப்பில் அவர் முதல் வரிசை மாணவர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைக்கவில்லை. 1876இல் இராணுவத் தேர்வு எழுதினார். குதிரைப்படைக்கான பட்டியலில் இரண்டாம் இடம் பெற்று, 13ஆம் ஹுஸ்ஸார் படைப்பிரிவின் அதிகாரியாக இந்தியாவின் லக்னோ நகருக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 19.

சிப்பாய்களுக்குச் சிறு குழு

அடுத்த முப்பது ஆண்டுகள் அவர் பிரிட்டிஷ் பேரரசின் படைவீரர். இந்தியா, தென்னாப்பிரிக்கா, மால்ட்டா, மேற்கு ஆப்பிரிக்கா எனப் பல இடங்களில் பணியாற்றினார். ஒற்றறிதலில் அவருக்குத் தனித் திறமை இருந்தது. ஓவியம் வரையும் பழக்கம் அதற்குத் துணையாக வந்தது. வண்ணத்துப்பூச்சியின் இறக்கையை வரைவது போல் எதிரிக் கோட்டையின் அமைப்பைக் குறித்துக்கொண்டு வந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இந்தக் காலகட்டத்தில் ஒரு கறையும் உண்டு. 1896இல் இன்றைய சிம்பாப்வே நாட்டில் ஆங்கிலேயருக்கு எதிராக மாத்தபேலே மக்கள் எழுந்தபோது, அதை அடக்கச் சென்ற படையில் அவர் இருந்தார். பிடிபட்ட ஊவினி என்ற தலைவரைச் சுட்டுக் கொல்ல உத்தரவிட்டார். அதைப் பற்றி இராணுவ விசாரணை நடந்தது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. வரலாற்று ஆய்வாளர்கள் இன்றளவும் அந்தச் செயலைக் கேள்விக்குட்படுத்தி வருகிறார்கள்.

1897இல் அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். மீரட் நகரில் 5ஆம் டிரகூன் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அங்கே ஒரு குறையைக் கண்டார். சிப்பாய்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். கட்டளை இடும் அதிகாரி அருகில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெரிய அணிவகுப்பில் நின்று பழகிய ஒருவன் தனியே விடப்பட்டால் திகைத்துப் போகிறான் என்பதை அவர் கவனித்தார்.

அதற்கு மாற்றாக அவர் வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார். கால்தடம் பார்க்க, வழி கண்டுபிடிக்க, கண்டதைத் தெளிவாக வந்து சொல்லப் பயிற்சி கொடுத்தார். அதில் தேறியவர்களுக்குத் தனிச் சின்னம் வழங்கினார். அந்தப் பயிற்சி முறையைத் தொகுத்து அவர் எழுதிய சிறு நூல் 1899இல் வெளிவந்தது. படைவீரர்களுக்காக எழுதிய அந்த நூல் தம் வாழ்க்கையையே திருப்பிவிடும் என்று அப்போது அவர் நினைத்திருக்க வழியில்லை.

மாஃபிகிங்: புகழும் அதன் நிழலும்

1899 அக்டோபர் மாதம் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மாஃபிகிங் என்ற சிறு நகரம் முற்றுகையிடப்பட்டது. உள்ளே இருந்த படைக்குத் தலைமை தாங்கியவர் பேடன் பவல். முற்றுகை 217 நாள் நீடித்தது. 1900 மே மாதம் நகரம் மீட்கப்பட்ட செய்தி கிடைத்ததும் லண்டன் தெருக்களில் மக்கள் கூட்டம் ஆடிப்பாடியது. 43 வயதிலேயே அவர் மேஜர் ஜெனரல் ஆனார். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களில்கூட அவர் படம் வந்தது.

அந்த முற்றுகையின் போதுதான் அவர் சிறுவர்களின் திறமையை நேரில் கண்டார். பெரியவர்கள் எல்லாரும் காவல் அரண்களில் நிற்க வேண்டிய நிலையில், ஒன்பது வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. அதை ஏற்பாடு செய்தவர் அவருடைய துணையதிகாரி எட்வர்ட் செசில். சிறுவர்கள் செய்தி கொண்டு சென்றார்கள், தபால் பட்டுவாடா செய்தார்கள், மருத்துவமனையில் உதவினார்கள். குண்டு விழும் தெருக்களில் மிதிவண்டியில் போய் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவனாக இருந்த வார்னர் குட்இயரும் ஒரு சிறுவனே. பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் அதற்கேற்ப உயர்கிறார்கள் என்பது பேடன் பவலின் மனத்தில் பதிந்தது.

அதே முற்றுகைக்கு வேறொரு முகமும் உண்டு. நகரை ஒட்டி வாழ்ந்த பரோலோங் என்ற ஆப்பிரிக்க மக்களும் நகரைக் காக்கப் போராடினார்கள். உணவுப் பங்கீட்டில் வெள்ளையர்களுக்குக் கிடைத்தது ஆப்பிரிக்கர்களுக்குக் கிடைக்கவில்லை. பலர் பசியால் மடிந்தனர். ஊர் போற்றிய வீரத்தில் அவர்களுடைய பங்கு நெடுங்காலம் பேசப்படவில்லை. பேடன் பவலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்வதே முறை. யாருக்குப் பங்கு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கத் தெரிவதும் கூட்டுணர்வின் ஒரு பகுதிதான்.

பிரவுன்சி தீவில் எட்டு நாள்

1903இல் இங்கிலாந்து திரும்பிய அவருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. சிப்பாய்களுக்காக எழுதிய நூலை ஆசிரியர்களும் சிறுவர்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றிலும் அது பயன்படுத்தப்பட்டது. 1904இல் கிளாஸ்கோ நகரில் சிறுவர் படையணி என்ற அமைப்பின் பெரும் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அதன் நிறுவனர் வில்லியம் ஸ்மித், சிறுவர்களுக்கேற்ப நூலை மாற்றி எழுதும்படி அவரைத் தூண்டினார்.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே சீராக நடப்பதைப் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் வெறும் அணிவகுப்பு ஒரு பிள்ளையின் சிந்தனையை வளர்க்காது என்று அவருக்குத் தோன்றியது. அமெரிக்காவில் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் நடத்திவந்த வனவியல் குழுக்களைப் பற்றியும் 1906இல் அறிந்துகொண்டார். பல இடங்களிலிருந்து திரட்டிய எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு முகாம் நடத்த முடிவு செய்தார்.

1907 ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரம். இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்தில் உள்ள பிரவுன்சி தீவு. சுமார் 20 சிறுவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பெரும் பணக்காரர்களின் பள்ளிகளான ஈட்டன், ஹாரோ போன்றவற்றில் படித்தவர்கள். மீதிப்பேர் அருகிலிருந்த ஊர்களின் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அன்றைய இங்கிலாந்தில் இந்த இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்வதே அரிது. வசதியானவர்களிடம் கூடுதல் கட்டணமும் மற்றவர்களிடம் குறைந்த கட்டணமும் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே கூடாரம், ஒரே சாப்பாடு என்று ஏற்பாடு செய்தார்.

வந்தவர்களை ஓநாய், காளை, காகம், குரலி என்று நான்கு அணிகளாகப் பிரித்தார். குரலி என்பது நீண்ட வளைந்த அலகுடைய ஒரு நீர்ப்பறவை. ஒவ்வோர் அணியிலும் இரு தரப்புப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். மூத்த சிறுவன் ஒருவன் அணித்தலைவன். தோளில் கட்டிய வண்ண நாடாவைப் பார்த்தால் யார் எந்த அணி என்பது தெரியும். போட்டியில் கிடைக்கும் புள்ளி அணிக்கே போய்ச் சேரும்.

ஒவ்வோர் இரவும் ஓர் அணி முகாமைவிட்டு வெளியே தங்கிக் காவல் இருக்க வேண்டும். மாவு, இறைச்சி, உருளைக்கிழங்கு, தேயிலை ஆகியவற்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சமைப்பதும் தங்குவதும் காவல் காப்பதும் அவர்கள் பொறுப்பு. பெரியவர் யாரும் பக்கத்தில் நின்று இதைச் செய், அதைச் செய் என்று சொல்வதில்லை. அணித்தலைவன் தன் அணியை நடத்தினான். தவறு நடந்தால் அவர்களே திருத்திக்கொண்டார்கள்.

அந்த எட்டு நாளில் அவர் தேடியது கிடைத்துவிட்டது. ஒரு கூட்டத்தில் வாய் திறக்காத பிள்ளை ஆறு பேர் கொண்ட அணியில் பேசிவிடுகிறான். அங்கே அவன் ஒளிந்துகொள்ள இடமில்லை. அவன் விறகு கொண்டு வராவிட்டால் அடுப்பு எரியாது. மற்ற ஐந்து பேரும் அவனை எதிர்பார்த்து நிற்பார்கள். எதிர்பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே பிள்ளையைப் பொறுப்புள்ளவனாக்குகிறது.

1908 ஜனவரியில் சிறுவர்களுக்கான சாரணியம் பற்றிய அவருடைய நூல் இரு வாரத்துக்கு ஒன்று என ஆறு பகுதிகளாக வெளிவரத் தொடங்கியது. விலை நான்கு பென்னி. முறையான அமைப்பு உருவாகும் முன்பே ஊருக்கு ஊர் பிள்ளைகள் தாங்களாகவே அணி சேர்ந்துகொண்டு, தங்களை நடத்த ஒரு பெரியவரைத் தேடிப்போனார்கள். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் அரங்கில் நடந்த பேரணிக்கு அழைக்கப்படாமலே சிறுமிகளும் வந்து நின்றார்கள். அதன் விளைவாக அவருடைய தங்கை ஆக்னஸ் பெண் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கி நடத்தினார். 1910இல் பேடன் பவல் இராணுவத்திலிருந்து விலகினார். 1912இல் ஒலேவ் சோம்ஸ் என்பவரை மணந்தார். பின்னாளில் பெண் சாரணியர் இயக்கத்தின் உலகத் தலைவியாக விளங்கியவர் அவர்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஓநாய்க்குட்டி விளையாட்டு

அண்ணன்மார் சாரணர் ஆனதைப் பார்த்த தம்பிகள் சும்மா இருக்கவில்லை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். பெரியவர்களின் நடைப்பயணமும் முகாமும் அவர்களுக்குத் தாங்காது. அவர்களைத் திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. அதனால் 1916இல் ஓநாய்க்குட்டிகள் என்ற பிரிவைத் தொடங்கி, அதற்கெனத் தனிக் கையேடும் எழுதினார். ருட்யார்ட் கிப்ளிங்கின் காட்டுக் கதைகள் அதற்குப் பின்னணி ஆயின. ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் அகேலாவின் பெயரே குழுவை நடத்தும் பெரியவரின் பெயரானது. அது முதல் உலகப் போர்க்காலம். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பல ஊர்களில் பெண்களே அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். கையேடு உருவாக உதவிய வேரா பார்க்லேயும் ஒரு பெண்மணியே.

இன்றைய தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவர் வகுத்த அணியில் ஆறு பேர். அந்த அணிக்குப் பெயரே ஆறு என்பதுதான். அவர்களில் ஒருவர் ஆறின் தலைவர். இந்த வயதுப் பிள்ளைக்கு அறிவுரை ஏறாது, விளையாட்டு ஏறும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அதனால் கற்பிக்க வேண்டிய எல்லாவற்றையும் விளையாட்டாக மாற்றினார்.

கிப்ளிங்கின் நாவலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட கிம் விளையாட்டு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு தட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிறு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் துணியால் மூடிவிட வேண்டும். என்னென்ன இருந்தன என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

இதை நம் பள்ளியில் ஆடினால் தட்டில் ரப்பர் விதை, செம்பனைப் பழம், கோலிக்குண்டு, சாவி, பென்சில், பொத்தான், புளியங்கொட்டை, பத்து காசு என்று வைக்கலாம். தனியாக ஆடும் பிள்ளை பாதியைச் சொன்னாலே பெரிது. ஆறு பேர் சேர்ந்து ஆடும்போது முதல் சுற்றில் எல்லாரும் ஒரே பொருளைச் சொல்வார்கள். பளபளவென்று இருந்த சாவி எல்லார் நினைவிலும் இருக்கும். ஓரத்தில் கிடந்த பொத்தானை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது சுற்றில் யாராவது ஒரு பிள்ளை, தட்டை ஆறு பங்காகப் பிரித்து ஆளுக்கொரு மூலையைப் பார்ப்போம் என்று கண்டுபிடித்துவிடும். வேலையைப் பங்கிட்டால் அதிகம் செய்ய முடியும் என்ற பாடம் அப்போதே மனத்தில் இறங்கிவிடுகிறது. ஆசிரியர் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. முதல் சுற்றிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்தப் பாடம் பிள்ளைகளுடையதாக இருக்காது.

பேடன் பவலின் முறையில் ஆசிரியருக்குக் கடினமான பகுதி இதுதான். விளையாட்டை ஏற்பாடு செய்துவிட்டு விலகி நிற்க வேண்டும். பிள்ளைகள் சண்டை போடும்போது உடனே புகுந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. தோற்ற அணியைக் கேலி செய்ய விடக்கூடாது. தலைமைப் பொறுப்பு எப்போதும் சுட்டிப் பிள்ளைக்கே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் பெரியவர்களுக்குப் பழக்குவதற்காகவே 1919இல் லண்டன் அருகே கில்வெல் பூங்காவில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே வந்த பெரியவர்களும் சிறுவர்களைப் போலவே அணிகளாகப் பிரிக்கப்பட்டு, சமைத்து, விளையாடிப் பயின்றார்கள்.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

சாரணர் இயக்கம் ஆங்கிலேயரோடு கிழக்கே வந்தது. மலாயாவில் 1908ஆம் ஆண்டிலேயே பினாங்கில் அது தொடங்கிவிட்டது. 1910இல் சிங்கப்பூருக்கு வந்த ஃபிராங்க் கூப்பர் சேண்ட்ஸ் அங்கே இயக்கத்தை அமைத்து, பல்லாண்டு உழைத்து மலாயா எங்கும் அதை வேரூன்றச் செய்தார்.

இந்தியாவில் நிலைமை வேறு. தொடக்கத்தில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே அங்கே சாரணர் குழுவில் இடம் கிடைத்தது. இந்தியப் பிள்ளைகள் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அதைப் பொறுக்காத அன்னி பெசன்ட் அம்மையார், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தமிழ் மண்ணில் பிள்ளைகள் சாரணராகத் திரண்டது அப்படித்தான். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது சென்னையில் அம்மையாரைச் சந்தித்தார். இரண்டு அமைப்புகளும் இணைந்தன. பிரிந்து நின்றவர்களைத் தேடிச் சென்று சேர்த்துக்கொண்டது அவர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

ஆனால் அந்த நல்லிணக்கம் முழுமையாக நிலைக்கவில்லை. 1937இல் அவர் மறுபடியும் இந்தியா வந்து சென்ற பிறகு, இந்தியர்களின் பண்பைக் குறைத்துப் பேசினார் என்ற கோபம் எழுந்தது. பலர் வெளியேறினார்கள். 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. விடுதலைக்குப் பின் 1950இல்தான் இந்தியச் சாரணர் அமைப்புகள் ஒன்றிணைந்தன. எல்லாச் சாரணர்களும் சகோதரர்கள் என்று சட்டம் எழுதிய மனிதரே தம் காலத்துப் பேரரசின் பார்வையிலிருந்து முழுவதும் விடுபடவில்லை. அவர் உருவாக்கிய விளையாட்டு அவரைவிடப் பரந்த மனம் கொண்டதாக இருந்தது.

அதே பேரரசுதான் தமிழர்களை நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் கொண்டு வந்து சேர்த்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். சில தோட்டங்களில் கிராணியே ஆசிரியர். எழுத்தும் கணக்கும் கிடைத்தாலே பெரும்பேறாக இருந்த காலத்தில் சீருடை இயக்கத்தை யார் நினைத்திருப்பார்கள்? நகரத்துப் பள்ளிகளில் சாரணர் கொடி பறந்த அதே ஆண்டுகளில், தோட்டத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் பெற்றோருடன் பால்மரக்காட்டுக்குப் போய் மங்கு துடைத்தார்கள்.

என்றாலும் விளையாட்டு இல்லாமல் அவர்கள் வளரவில்லை. மாலையில் லயத்து வீடுகளுக்கு முன்னால் கிளித்தட்டும் கபடியும் நடந்தன. கிளித்தட்டில் கோட்டைக் காப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து நகராவிட்டால் எதிரணி நுழைந்துவிடும். கபடியில் பாடிவருபவரைத் தனியே பிடிக்கப் பாய்ந்தால் தொட்டுவிட்டு ஓடிவிடுவார். சங்கிலியாகக் கைகோத்து நின்றால்தான் பிடிக்க முடியும். கபடியில் ஓர் அணிக்கு ஏழு பேர். பேடன் பவல் வகுத்த சாரணர் அணியிலும் ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். இங்கிலாந்துத் தளபதி ஒருவர் ஐம்பது வயதில் கண்டுபிடித்ததை நம் தோட்டத்துத் திடல் அதற்கு முன்பே அறிந்திருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் காலம்

முதல் உலகப் போர் பேடன் பவலை மாற்றியது. பிரவுன்சி முகாமில் அவரோடு இருந்த சிறுவர்களில் சிலரும் அந்தப் போரில் உயிரிழந்தார்கள். போருக்குப் பின் அவருடைய பேச்சில் பேரரசின் பெருமை குறைந்து, நாடுகளிடையே நட்பு என்ற எண்ணம் முன்னுக்கு வந்தது. 1920இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் முதல் உலகச் சாரணர் பெருவிழா நடந்தது. சுமார் 8,000 சாரணர்கள் கூடியிருந்த அந்த விழாவில் அவர் உலகத் தலைமைச் சாரணராக அறிவிக்கப்பட்டார். 1929இல் பிரபு பட்டம் கிடைத்தது.

எண்பது வயதைக் கடந்ததும் உடல் தளர்ந்தது. 1938இல் மனைவியுடன் கென்யா நாட்டின் நியேரி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். மலையடிவாரத்தில் ஒரு சிறு வீடு. அங்கே விலங்குகளையும் பறவைகளையும் வரைந்துகொண்டு நாளைக் கழித்தார். 1941 ஜனவரி 8ஆம் தேதி அங்கேயே காலமானார். அவருடைய கல்லறைக் கல்லில் ஒரு வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. சாரணர்கள் காட்டுவழியில் இடும் குறிகளில் அதற்கு வீட்டுக்குப் போய்விட்டேன் என்று பொருள்.

சிறிய பள்ளி, சரியான அளவு

இன்று நெகிரி செம்பிலானில் பால்மரங்கள் குறைந்து செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டன. சில பள்ளிகள் பெயரில் தோட்டத்தைச் சுமந்துகொண்டு நகரத்தில் நிற்கின்றன. சில பள்ளிகள் இருந்த இடத்திலேயே குறைந்த மாணவர்களோடு இயங்குகின்றன. மாலையில் லயத்துத் திடலில் கூடிய கூட்டம் இப்போது இல்லை. பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு வேனில் ஏறி ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். வீட்டில் கைப்பேசி காத்திருக்கிறது. அண்ணன், அக்கா என்று மூத்த பிள்ளைகளோடு சேர்ந்து ஆடிய தோட்டத்துப் பழக்கம் தானாக வந்த காலம் போய்விட்டது. இனி அதைப் பள்ளிதான் உருவாக்கித் தர வேண்டும்.

அதற்குச் சிறிய பள்ளி தடையாக இருக்க வேண்டியதில்லை. 36 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆறு பேர் கொண்ட ஆறு அணிகளை அமைக்கலாம். ஒவ்வோர் அணியிலும் முதலாம் ஆண்டுப் பிள்ளையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் இருக்கலாம். பெரிய பள்ளிகளில் வகுப்பு வகுப்பாகப் பிரிந்து நிற்கும் பிள்ளைகளுக்கு இது எளிதில் கிடைக்காது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, நூலகத்தை அடுக்குவது, சனிக்கிழமைப் புறப்பாட நேரத்தில் ஒரு விளையாட்டை நடத்துவது என ஒரு வேலையை முழுதாக அந்த அணியிடம் ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் இரண்டடி தள்ளி நிற்கலாம். சீருடையும் கொடியும் பிறகு வந்தாலும் பரவாயில்லை.

தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடும். அடுத்த வாரம் யாருடைய முறை என்பதை அந்த ஆறு பேரும் தாங்களாகவே உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள்.